சிவப்புச் சப்பாத்தில் ஏறிய கண்டாக்கு

மார்ச் 9, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் நாத்தனார் நாகலெட்சுமி, கூப்பிடாமல் வந்தவள். வத்தளையிலிருந்து வந்த என் மகள் வயிற்றுப் பேத்தி தனுஷிகா. தனுஷிகாவின் கம்பெனியில் அவளுக்கு மேலே இருக்கிற ஹிருணி மிஸ், சிங்களப் பிள்ளை, கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். நாகலெட்சுமியின் கோழி ஒன்று. கோழியையும் எழுதத்தான் வேண்டும், ரொட்டியைக் கொத்தியது அதுதான்.

யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைப்பது எண்பத்தாறாம் வருஷத்தில் தொடங்கிய பழக்கம். அந்த வருஷம் நாகலெட்சுமி என் பித்தளைச் செம்பை வாங்கிப் போய் நெளித்துக் கொண்டுவந்தாள். "வாங்கும்போதே நெளிஞ்சுதான் இருந்துச்சு மதினி" என்றாள். எனக்குச் சாட்சி இல்லை. மறுநாளே கொப்பி வாங்கினேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். ஞாபகம் கோணாது.

தனுஷிகா கொழும்பில் சப்பாத்துக்குப் படம் வரைகிறாள். இப்போது செய்வது, சில்லு வைத்த பலகையில் ஏறி நின்று ஓட்டுகிறவர்கள் காலில் போடுகிற சப்பாத்தாம். போனில் காட்டினாள். ஒரு பெண் பலகையில் ஏறினாள், கொஞ்ச தூரம் போனாள், விழுந்தாள். எழும்பினாள். மறுபடி விழுந்தாள்.

"விழுறதுக்குன்னு தனியா ஒரு சப்பாத்தா?" என்று கேட்டேன்.

"விழாம இருக்கத்தான் அம்மாயி. அடி தட்டையா இருக்கும். பலகையோட ஒட்டிக்கிட்டு நிக்கும்."

"ஒட்டிக்கிட்டா நின்னுச்சு அந்தப் புள்ள?"

நாகலெட்சுமி சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கொழும்பில் முன்காலத்தில் ஓடிய வண்டிகளை வைத்து மூன்று ஜோடி செய்கிறார்கள். ஒன்று தண்டவாளத்தில் ஓடிய ட்ராம் வண்டிக்கு. ஒன்று மாடி பஸ்ஸுக்கு. மூன்றாவது சிவப்பு பஸ்ஸுக்கு. அந்த மூன்றாவது தனுஷிகாவின் பொறுப்பு. அவள் தனியாகச் செய்கிற முதல் சப்பாத்து. கொழும்பில் ஓடித் தேய்ந்த சிவப்பு பஸ்ஸைத்தான் மலைக்கு அனுப்புவார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்வோம். அதனால் கதை கேட்க இங்கே வந்திருக்கிறார்கள். தேய்ந்த பஸ்ஸுக்குத் தேய்ந்த கிழவி.

மணிக்கயிறைப் பற்றிச் சொன்னேன். பஸ் கூரையின் நீளத்துக்கு ஒரு கயிறு ஓடும். கொண்டக்டர் ஒருமுறை இழுத்தால் பஸ் நிற்க வேண்டும், இரண்டுமுறை இழுத்தால் போக வேண்டும். ஹிருணி மிஸ் கையைத் தட்டினாள். சப்பாத்துக் கயிறே மணிக்கயிறு மாதிரி இருக்கட்டும், இடது குதிகாலில் ஒரு மணி, வலது குதிகாலில் இரண்டு மணி என்று அங்கேயே உட்கார்ந்து வரைந்தார்கள். என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து! கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"ஒங்களுக்கு பஸ்ஸுல ஏதாச்சும் நடந்திருக்கா அம்மாயி? மறக்க முடியாத மாதிரி?"

மறக்க முடிகிற மாதிரி எனக்கு எதுவுமே நடந்ததில்லை. "ஒண்ணு இருக்கு" என்றேன். நாகலெட்சுமி கழுத்தை முன்னால் நீட்டினாள். "போன்ல சொல்றேன்" என்று முடித்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

போனில் மூன்று துண்டாகப் பேசி அனுப்பினேன். பட்டனை அமுக்கிக்கொண்டே பேச வேண்டுமாம். முதல் துண்டில் என் இருமல் மட்டும் வத்தளைக்குப் போயிருக்கிறது.

சொன்னது இவ்வளவுதான். எழுபத்தைந்தில் என் அம்மாவை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ஹட்டன் ஸ்டேசனில் வழியனுப்பலாம் என்று பஸ் ஏறினேன். கண்டாக்கு என்னைப் பஸ்ஸிலிருந்து எறக்கிவிட்டான். ரயில் போய்விட்டது. அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். பேசினால் இருமல் வரும், பேனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எனக்கும் என் வீட்டுக்காரர் சின்னத்தம்பிக்கும் இங்கே இருக்கக் கடதாசி வந்தது. அம்மாவுக்கும் தம்பிக்கும் போகக் கடதாசி வந்தது. இலங்கை சர்க்காரும் இந்திய சர்க்காரும் எங்கள் ஆட்களை எப்படிப் பிரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குத் தோட்டத்தில் லீவு கேட்டேன். தேயிலைக் கொழுந்து நன்றாக வந்த சமயம், லீவு கிடையாது என்றான் கண்டாக்கு. விடியக்காலைப் பெரட்டில் எங்கள் பெயரைக் கூப்பிட்டு, எந்த ஆள் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிறவன் அவன். கங்காணிகளே அவன் முன்னால் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள்.

என் பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு, கொழுந்துக் கூடையை நாகலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு, குறுக்குப் பாதையில் ஓடிப்போய் பஸ் ஏறினேன். தோட்டத்துக் கீழ் கேட்டில் கண்டாக்கு குடையைக் குறுக்கே நீட்டி பஸ்ஸை மறித்தான். (நாகலெட்சுமி சொல்லியிருக்க மாட்டாள். அவள் செம்பை நெளிப்பவள்தான், ஆளைக் காட்டிக் கொடுக்கிறவள் இல்லை.) ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தான்.

"எறங்குடி மீனம்மா. இல்லன்னா நாளைக்குச் சின்னத்தம்பிக்கு வேலையும் கெடையாது, குடியிருக்கிற காம்பராவும் கெடையாது."

பஸ் கொண்டக்டர் ஒரு மணி அடித்து நிறுத்தியிருந்தார். கீழே இறங்கிவந்து, "ஐயா, தாயை அனுப்பப் போகுது, விடுங்க ஐயா" என்று கேட்டார். கண்டாக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொண்டக்டர் இரண்டாவது மணியை அடிக்கவே இல்லை. கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். டிரைவர் கத்தினார், உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். அவர் நின்றார். கடைசியில் நான்தான் இறங்கினேன்.

என் கையில் ஒரு பொட்டலம், அம்மாவுக்கு வாங்கிய ரப்பர் செருப்பு. அம்மா அதுவரை காலில் ஒன்றும் போட்டதில்லை. இந்தியாவில் தரை சுடும் என்றார்கள். பொட்டலத்தைக் கொண்டக்டரிடம் கொடுத்து, "பேரு ராக்காயி, ரெண்டு பக்கமும் மூக்குத்தி" என்றேன். அதற்கப்புறம்தான் இரண்டு மணி அடித்தார்.

மூன்று மாதம் கழித்துத் துறையூர்ப் பக்கமிருந்து அம்மா யாரையோ பிடித்து எழுதிய கடதாசி வந்தது. ஒரு சாயபுத் தம்பி ஸ்டேசன் முழுக்க "ராக்காயி, ராக்காயி" என்று கூவிக்கொண்டு வந்து செருப்பைக் கொடுத்தாராம். அதற்குக் கீழே ஒரு வரி: இடது கால் கடிக்கிறது.

பிறகு கடதாசி வரவில்லை.

அந்தக் கண்டாக்கின் பெயரை அன்றிலிருந்து நான் வாயால் சொன்னதில்லை. எழுதினதும் இல்லை. கோழிக்குக்கூட என் கொப்பியில் இடம் உண்டு, அவனுக்குக் கிடையாது.

மார்ச் 20, வியாழன்

தனுஷிகா போனில் கூப்பிட்டாள். "அந்த பஸ் கொண்டக்டர் பேரு ஞாபகம் இருக்கா அம்மாயி?"

என்னிடம் கேட்கிற கேள்வியா இது? "பைஸர். ஹட்டன் ஆளு. நெத்தியில ஒரு தழும்பு. சட்டையில மேல் பட்டன் இருக்காது."

"ஐயோ, எப்புடி அம்மாயி! கதையில அவரு பேரையும் போடட்டுமா?"

"போடு. நல்லா பெருசா போடு" என்றேன். அந்த மனுஷனுக்கு நான் செய்யக் கிடைத்த ஒரே மரியாதை.

ஏப்ரல் 2, புதன்

நாகலெட்சுமி செம்பை இரவல் கேட்டாள். கொடுக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள், வருஷப் பிறப்பு

கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட்ட பார்சல் வந்து சேர்ந்தது. மாதிரிச் சப்பாத்து. நல்ல சிவப்பு, பக்கத்தில் பழைய பஸ் மாதிரியே ஒரு வெள்ளைக் கோடு. அடியில் டயர்த் தடம். நாக்கு டிக்கெட் மாதிரி. இவ்வளவு அழகாகச் செய்துவிட்டு இதைப் போட்டுக்கொண்டா விழப் போகிறார்கள்?

பெட்டி மூடியின் உட்பக்கம் மூன்று பாஷையில் கதை அச்சடித்திருந்தது. கண்ணாடி போட்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாசித்ததை அப்படியே எழுதுகிறேன்:

'1975. தன் தாயை வழியனுப்பச் சென்ற இளம் தோட்டத் தொழிலாளியை கொண்டக்டர் பைஸர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார். அவள் தன் தாயை மீண்டும் காணவே இல்லை. தடைப்பட்ட அந்தப் பயணத்தை இந்தச் சப்பாத்து தொடரட்டும்.'

மூன்றுதரம் வாசித்தேன். என் எழுத்தறிவில்தான் கோளாறு என்று நாகலெட்சுமியிடம் கொடுத்தேன். அவள் ஐந்தாம் வகுப்பு.

வாசித்துவிட்டு மூடியைக் கீழே வைத்தாள். "என்னங்க மதினி, கண்டாக்கு சப்பாத்துல ஏறிட்டான்!"

பால்சோறு ஆறிப் போனது. யாரும் தொடவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

போனில் நடந்தது.

"கண்டாக்குன்னுதானே சொன்னீங்க அம்மாயி?"

"கண்டாக்குன்னுதான் சொன்னேன்."

"கண்டாக்குன்னா கொண்டக்டர் இல்லையா? வயசானவங்க அப்புடித்தான் சொல்லுவாங்கன்னு நானே திருத்தி எழுதுனேன்."

"ஏ புள்ள, தோட்டத்துல நிக்கிறவன் கண்டாக்கு. பஸ்ஸுல நிக்கிறவரு கொண்டக்டர். ஒங்கம்மா ஒனக்கு இதக்கூடச் சொல்லித் தரலையா?"

"வத்தளையில கண்டாக்கு ஏது அம்மாயி?"

வத்தளையில் கண்டாக்கு இல்லை. அதற்காகத்தானே அவள் அம்மா ஜீவராணியை அங்கே அனுப்பினேன்.

அப்புறம் அழுதாள். மூவாயிரம் பெட்டி அச்சாகிவிட்டதாம். வருஷப் பிறப்புக்கென்று பேஸ்புக்கில் கதையோடு படமும் போட்டுவிட்டார்களாம். ஹிருணி மிஸ் எல்லார் முன்னாலும் தட்டிக்கொடுத்தாளாம். "இப்ப போயி தப்புன்னு சொன்னா என்னைய வச்சிருக்க மாட்டாங்க. அந்தக் கொண்டக்டர் இன்னமுமா உசுரோட இருக்கப் போறாரு?"

இருக்கிறார். ஹட்டன் பஜாரில் அவர் மகள் செரீபா குடைக்கடை வைத்திருக்கிறாள். வருஷா வருஷம் நான் அங்கேதான் குடை வாங்குகிறேன். அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

"பாப்போம்" என்று போனை வைத்தேன்.

பேசாமல் இருந்துவிடலாமா? பொடி எழுத்து. மூடிக்கு உள்ளே. விழுந்து எழும்புகிற பிள்ளைகள் அதையெல்லாம் வாசிக்கப் போகிறார்களா? பேத்திக்கு வேலை நிலைக்கும். யார் வாசிக்கப் போகிறார்கள்?

நான் வாசித்தேனே. மூன்றாம் வகுப்பு.

நல்லா பெருசா போடுன்னு சொன்னேனே — நானேதான சொன்னேன்! பைஸர் செய்த நல்லதையெல்லாம் கொப்பியில் எழுதிவிட்டு, அவளுக்கும் சொன்ன மாதிரி நினைத்துக்கொண்டு.

ஏப்ரல் 17, வியாழன்

ஹட்டன் போனேன். கடையில் இருந்தவர்கள்: செரீபா, பைஸர் நானா, நான், நாகலெட்சுமி. இன்றைக்கு இவளை நானே கூப்பிட்டேன். சாட்சிக்கு ஆள் வேண்டும்.

"குடையா ஆச்சி?" என்றாள் செரீபா.

"குடை வேணாம்மா. ஒரு விசயம் சொல்லணும். அந்தச் சிவப்புச் சப்பாத்து…"

அவள் கை குடைக் கம்பியிலேயே நின்றுவிட்டது. "நீங்களா அது?"

"நான்தான். ஆனா அதுல போட்டிருக்கிறது தப்பு."

"தப்பெண்டு எங்களுக்குத் தெரியும். முப்பது வருசம் பஸ்ஸில நிண்ட மனிசன். நேத்து பஸ் ஸ்டாண்டில ஒருத்தன் போன நீட்டி, 'பொம்பளைய எறக்கிவிட்டது ஒங்கட வாப்பாவா?' எண்டு கேக்கிறான். நான் என்ன சொல்றது அவனுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டு, குடை, கேட், மணி, செருப்பு. கண்டாக்கு வேறு கொண்டக்டர் வேறு என்பதை அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, ஹட்டன்காரி. பைஸர் நானா காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். நெற்றித் தழும்பு அப்படியே இருக்கிறது. மேல் பட்டன் இன்றைக்கும் இல்லை. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஐம்பது வருஷம் வைத்திருந்ததைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

"செருப்பா?" என்றார். "தங்கச்சி, அந்த வருசமெல்லாம் இதே வேலதான். செருப்பு, ஊறுகாப் போத்தல், சாமிப் படம். ஒருக்கா ஒரு சேவல். ஒங்கட பொட்டலம் எதெண்டு நான் எப்பிடிச் சொல்லுவன்?"

என் அம்மாவின் செருப்பைக் கொண்டுபோய் ஒரு சேவலோடு சேர்த்துவிட்டார்! நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

"ராக்காயின்னு ஸ்டேசன் பூராக் கூவுனீங்களாம்."

"கூவியிருப்பன். கொண்டக்டருக்குச் சத்தம்தானே தொழில்." பிறகு கேட்டார், "எறக்கினவன் யாரு?"

"கண்டாக்கு."

"கண்டாக்குக்குப் பேரில்லையா?"

செரீபாதான் பேசினாள். "எங்கட வாப்பாட பேரு ஒங்கட வாயில லேசா வந்திச்சி. அந்த மனிசன்ட பேரு வரல்ல. அந்த எடம் காலியாக் கெடந்திச்சி. வாப்பாவப் புடிச்சி அதில உக்கார வச்சிட்டாங்க."

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு நாகலெட்சுமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

"வாப்பா மன்னிப்பாரு. நான் இல்ல. அத மாத்துங்க, பொறகு பாப்பம்" என்றாள் செரீபா. தேத்தண்ணி தரவில்லை. சரியான பொம்பளை. நானாக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

"சொல்லிடு தனு" என்றேன்.

"வேலை போயிரும் அம்மாயி."

"போனா இங்க வா. கொழுந்து எடுக்கச் சொல்லித் தாரேன்."

"அங்க கண்டாக்கு இருப்பாரே" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

"ரெண்டாவது மணிய அடிக்காம நின்னாருல்ல, அன்னைக்கு அவருக்கும் வேலை போயிருக்கலாம். கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னாரு."

போன் அறுந்துவிட்டதோ என்று மூன்றுமுறை "ஹலோ" சொன்னேன்.

"இருக்கேன் அம்மாயி" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாதிரிச் சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்தேன். இடது கால் கடிக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

சொல்லிவிட்டாள். ஹிருணி மிஸ் திட்டவில்லையாம். ஜன்னல் பக்கம் போய் நின்றாளாம். திட்டியிருந்தால் தேவலை என்கிறாள் தனுஷிகா. பேஸ்புக்கில் இருந்ததை எடுத்துவிட்டு, தப்பு எங்களுடையது, பைஸர் அப்படிச் செய்தவர் இல்லை என்று மூன்று பாஷையிலும் போட்டுவிட்டார்கள். விற்பனை ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. வேலை போகவில்லை. ஆனால் 'வடிவமைத்தவர் தனுஷிகா' என்று போட இருந்ததைப் போட மாட்டார்கள். மூவாயிரம் மூடியிலும் புதுத் தாளை அவளே உட்கார்ந்து ஒட்ட வேண்டும்.

"பேரு போயிருச்சு அம்மாயி."

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதும் இல்லாமல் போவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தக் குடும்பத்தில் இப்போது எல்லாருக்கும் தெரியும்.

மே 4, ஞாயிறு

புதுத் தாளுக்கு நான் சொல்லச் சொல்ல தனுஷிகா எழுதினாள். ஹிருணி மிஸ்ஸும் போனில் இருந்தாள். இந்தத் தடவை துண்டு துண்டாக இல்லை, பட்டனும் இல்லை, நேரே பேச்சு. செருப்பையும் சொன்னேன். இருமவில்லை.

"எங்க தோட்டத்துக் கண்டாக்கு என்னைய எறக்கிட்டான். பஸ் கொண்டக்டர் பைஸர் ஒரு மணி அடிச்சி நிப்பாட்டுனாரு. எனக்காக ரெண்டாவது மணிய அடிக்காம நின்னாரு. நான் போக முடியாத எடத்துக்கு நான் அம்மாவுக்கு வாங்குன செருப்பைக் கொண்டுபோனாரு. என் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"அந்தக் கண்டாக்கு பேரு அம்மாயி? அதையும் போட்டுருவோமா?"

வாய் வரை வந்தது. சத்தியமாக வந்தது. அதற்குள் ஹிருணி மிஸ் குறுக்கே பேசினாள். கெட்டது செய்தவன் பெயரைப் போடக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லிவிட்டாராம். அவனுக்குப் பிள்ளை குட்டி இருக்கும், வழக்கு வரும்.

ஐம்பது வருஷம் கழித்து வாயைத் திறக்கப் போனேன், வக்கீல் மூடிவிட்டார்.

மே 24, சனி

வத்தளையில் தாள் ஒட்டுகிறார்கள். தாயும் மகளும் பத்து விரலிலும் பசையோடு இருக்கிறார்களாம். போனை யார் எடுப்பது என்று சண்டை. கடைசியில் ஜீவராணி முழங்கையால் எடுத்தாள்.

"அம்மா, நான் இன்னைக்குத்தான் இத வாசிச்சேன். ஒட்ட ஒட்ட வாசிச்சுக்கிட்டே இருக்கேன். எனக்கு ஏம்மா ஒரு நாளும் சொல்லல?"

"நீ கேக்கல."

"எனக்கு எப்புடித் தெரியும், கேக்க?"

நியாயம்தான். என் மகள், என் அம்மாவின் கதையை ஒரு சப்பாத்துப் பெட்டியில் வாசித்துத் தெரிந்துகொள்கிறாள். மூவாயிரம் தடவை. எனக்கு ஞாபகம் இருந்தது, இருந்தது என்று பீற்றிக்கொண்டேன். யாருக்கு என்ன பிரயோசனம்? எனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு —

மழை பெரிதாக வருகிறது. துணி எடுக்கணும்.

ஜூன் 14, சனி

இன்று குடைக்கடையில் இருந்தவர்கள்: பைஸர் நானா, செரீபா, தனுஷிகா, நான், நாகலெட்சுமி. கோழி வரவில்லை.

பைஸர் நானாவுக்கு ஒரு ஜோடியைத் தனுஷிகா கொண்டுவந்தாள். அவர் மூடியைத் திறந்ததும் முதலில் செரீபாவிடம்தான் நீட்டினார். அவள் நின்றபடியே வாசித்தாள், முழுவதையும். ஒட்டிய தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள், அடியில் பழையது தெரிகிறதா என்று. கிளம்பவில்லை. தனுஷிகா நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாள்.

சாரத்துக்குக் கீழே சிவப்புச் சப்பாத்தோடு பைஸர் நானா கடை வாசலுக்கும் உள்ளுக்கும் இரண்டு நடை நடந்தார். பஸ் ஸ்டாண்டுக்கும் போக வேண்டும் என்றார். "கேட்டவனுக்குக் காட்டத்தான்!" தனுஷிகா பயந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, இது பலகையில ஏறுறதுக்குள்ளது" என்றாள். "முப்பது வருசம் புட்போர்டில நிண்டவன் நான், எனக்குப் பலகை காட்டுறியா?" என்றார்.

செரீபா தேத்தண்ணி தந்தாள். சீனி கொஞ்சம் குறைவாகத்தான் போட்டிருந்தாள். பரவாயில்லை, ஒரேயடியாக இனிக்கக் கூடாது.

வீடு திரும்பியதும் நாகலெட்சுமி செம்பைக் கேட்டாள். கொடுத்தேன். கொடுக்கும்போது நெளிவைத் தனுஷிகாவுக்கும் காட்டி வைத்தேன், சாட்சிக்கு.

சப்பாத்தில் போட முடியாததை இங்கே போடுகிறேன். கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், என் கொப்பிக்கு இல்லை. நாளைக்கு இதைத் தனுஷிகா வாசிப்பாள், அவள் பிள்ளைகள் வாசிக்கும். அவர்களுக்குக் கண்டாக்கு என்றால் யாரென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அந்த இடம் மறுபடி காலியாகக் கிடக்கக் கூடாது. இன்னொரு நல்ல மனுஷனை யாரும் அதில் உட்கார வைத்துவிடக் கூடாது. அதனால் தெளிவாக எழுதுகிறேன். பைஸர் நானா இல்லை. குடைக்கடைச் செரீபா இல்லை. நாகலெட்சுமியும் இல்லை, செம்பு வேறு விஷயம். தனுஷிகாவை மார்ச் மாதமே மன்னித்தாயிற்று, ஏப்ரலில்தான் அவள் தப்பே செய்தது தெரிந்தது என்றாலும்.

மன்னிக்காதது ஒரே ஒருவனை. எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு, வேலாயுதம் மகன் இராமையா.